விடு

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டி சௌக்கியமா? எதை மறந்தாலும் இதை முதல் வரியில் கேட்டுவிட வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பினாள். சித்தியையும் கேட்டதாகச் சொல்.

ஹாஸ்டல் திறந்துவிட்டார்கள். நம் டீம் கதைதான் கந்தல். உன்னோடு கடைசி வருடத்து ஆட்களும் போய்விட்டார்கள். புதிதாகச் சேர வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பந்தைவிட வருகைப் பதிவில்தான் ஆசை. நம் கோச் விசில் சார் மட்டும் மாறவே இல்லை. நீ வைத்த பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. நேற்று கான்டீனில் தண்ணீர் கேட்கக்கூட விசில் ஊதினார்.

முக்கியமான செய்திக்கு வருகிறேன். பிரின்சிபால் எங்களை மைதானத்தில் நிற்க வைத்துப் பேசினார். "போன வருஷம் ஒரு மேட்ச் கூட ஜெயிக்கலை. இந்த வருஷ லீக்ல முதல் மேட்ச்சே தோத்தீங்கன்னா டீமைக் கலைச்சிடுவேன். வாத்தியாருங்க காரெல்லாம் வெயில்ல காயுது, இந்த இடம் அதுக்காவது ஆகட்டும்" என்றார். சொல்லும்போதே கண்ணால் மைதானத்தை அளந்தார்.

முதல் ஆட்டம் செப்டம்பர் பதினாறு, மேட்டுக் கல்லூரியோடு. நீ முட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கோலில் தனியாக நின்ற எனக்கு ஆறு கோல் போட்டார்களே, அவர்களேதான். டீம் போய்விட்டால் நான் இங்கே என்ன செய்வேன் என்று தெரியவில்லை. படி என்று மட்டும் எழுதாதே.

நல்லதும் ஒன்று உண்டு. வேறு ஊரிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள். கதவு நிலை உயரம். எல்லோரும் நெட்டை என்கிறோம், அவளும் கோபித்துக்கொள்வதில்லை. உன் இடத்தில், கோலுக்கு முன்னால் நடுவில் ஆடுகிறவள். வாயைத் திறப்பதே அபூர்வம். உன் அளவுக்கு வருவாளா என்று பார்க்க வேண்டும்.

உடனே பதில் போடு.

உன் சின்னவள்

*

ஜூன் 23

அன்புச் சின்னவளுக்கு,

விசாரிக்கப்பட்ட முட்டி நலம். அதுவும் உன்னை விசாரித்தது. சித்தியும் சித்தியின் தையல் மிஷினும் நலம். இரண்டும் ஓயாமல் ஓடுகின்றன.

டாக்டரைப் பார்த்தேன். "நடக்கலாம், மாடி ஏறலாம். பந்தை மட்டும் மறந்துடும்மா" என்றார், ஏதோ குடையை மறந்துவிடச் சொல்வது போல. செருப்புக் கடை வேலை பழகிவிட்டது. சரிவான குட்டி ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறேன், வருகிறவர்கள் காலை என் முன்னால் நீட்டுகிறார்கள். பந்து உதைத்த காலை மடக்கி வைத்துக்கொண்டு ஊரார் காலுக்கு அளவு பார்க்கிறேன். யாராவது விளையாட்டு பூட்ஸ் கேட்டால் மட்டும் இன்னொருத்தியை அனுப்பிவிடுகிறேன்.

ஜன்னல் பக்கம் இங்கேயும் எனக்கு வாய்க்கவில்லை. அங்கே மிஷின் நிற்கிறது. என் கட்டில் கதவுக்குப் பின்னால். வீட்டில் அந்த ஜன்னல் பக்கத்துக் கட்டில் எப்படி உன்னுடையதாயிற்று என்று நினைவிருக்கிறதா? நான் முதலில் படுத்திருந்தேன். நீ அழுதாய். "விடுடி, சின்னவதானே" என்றாள் அம்மா. பொம்மை, குடை, பஸ்ஸில் முன் சீட்டு, எல்லாமே அந்த ஒரு வார்த்தையில் கை மாறியவை. அம்மா சொல்லிக் கேட்டுக் கேட்டு நீயே சொல்லக் கற்றுக்கொண்டாய். கோலுக்கு முன்னால் பந்து நம் இருவருக்கும் நடுவில் வந்தால் நீ "விடு" என்பாய், நான் ஒதுங்குவேன். மற்ற டீம்கள் இதற்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். நமக்கு அம்மாவே பயிற்சியாளர்.

மேட்டுக் கல்லூரிக்காரர்கள் இடது பக்கமாகத்தான் வருவார்கள். விசிலிடம் சொல். கார்னர் வரும்போது கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்காதே.

புதியவள் ஆடட்டும், பார்க்கலாம். என் நாலாம் நம்பர் சட்டையை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஆசையால் சொல்லவில்லை. தோளில் தையல் விட்டிருக்கிறது. நெட்டையாக இருப்பவளுக்கு அது இடுப்புக்கு மேலேயே நின்றுவிடும், பார்க்கச் சகிக்காது.

படி.

உன் அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம், என் இடது தோளைத் தவிர. காரணம் பின்னால் வருகிறது. முட்டி வீக்கம் வற்றியதா? மாடி ஏறுகிறாயா?

சட்டை விஷயம் உன் கடிதம் வருவதற்குள் முடிந்துவிட்டது. விசில் சார் அலமாரியைத் திறந்து நெட்டையிடம் எடுத்துக் கொடுத்துவிட்டார். அவள் ஒரே சாயங்காலத்தில் தோளைத் தைத்து, கீழே ஒரு பட்டை வைத்து நீளமும் ஆக்கிவிட்டாள். தைத்த இடமே தெரியவில்லை. நீ தைத்தால் வாய்க்கால் வரப்பு மாதிரி கோணலாகப் போகுமே, அப்படி இல்லை.

இப்போது அவள் என் அறைக்கே வந்துவிட்டாள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலை நான் கேட்காமலே எனக்குத் தந்துவிட்டாள். என் முடியை அவள்தான் வெட்டிவிட்டாள். காலையில் எழுப்புகிறாள். உன்னைப் போலக் காலைப் பிடித்து இழுக்காமல், பேர் சொல்லி எழுப்புகிறாள்.

ஆனால் அக்கா, மைதானத்தில் இறங்கினால் எங்களுக்குள் சனி. அவள் தனியாக ஆடினால் யாரும் அவளைத் தாண்ட முடியாது. பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தால்தான் கூத்து. நான் வழக்கம்போல "விடு"ன்னு கத்திக்கொண்டு பாய்கிறேன். அவள் ஒதுங்க மாட்டேன் என்கிறாள். இன்னும் வேகமாக ஓடி வந்து ஓங்கி உதைக்கிறாள். இரண்டு தடவை என் மேலேயே மோதினாள். அதுதான் தோள். ஆஸ்பத்திரி நர்ஸுகளோடு ஒரு பயிற்சி ஆட்டம் வைத்தோம். இரவு வேலை முடிந்து கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தவர்களிடம் தோற்றோம். அதில் ஒரு கோல் நெட்டையே நம் வலைக்குள் அடித்தது. நான் "விடு விடு"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன், அவள் அடித்தே விட்டாள்.

ஏன்டி என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். உனக்கும் எனக்கும் ஒரு நாளும் இப்படி ஆனதில்லை.

உன் சின்னவள்

*

ஜூலை 13

அன்புச் சின்னவளுக்கு,

உன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் நலம். மாடி ஏறுகிறேன், இறங்கும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. சித்தி, "என்னடி, லெட்டரைப் படிச்சிட்டுத் தனியா சிரிக்கறே" என்றாள். நான் சிரிக்கவே இல்லை என்று சாதித்துவிட்டேன்.

தையல் நன்றாக வருகிறவளுக்கு ஆட்டம் நன்றாக வர வேண்டும் என்று சட்டமா என்ன? ஊசி பிடிக்கத் தெரிந்தால் போதும் என்றால் நம் சித்தியைக் கூட்டிப்போய் நிறுத்துங்கள். பார்க்க ஆள் உயரம், பந்து வந்தால் தலைகால் தெரியாது. பாவம், அவள் என்ன செய்வாள்.

உனக்கு ஒரு சிரிப்புச் செய்தி. கடையில் சரக்கு எடுத்துத் தரும் மீசைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஆள் மலை மாதிரி, குணம் பூ மாதிரி. நேற்று ஏணி மேல் நின்று, மார்போடு ஒரு அடுக்குப் பெட்டியைத் தூக்கிவிட்டார். வேண்டாம், அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முதலாளிக்கு எண்ணம். "விடுய்யா, விடு" என்று கீழேயிருந்து கத்தினார். மீசைக்காரர் இரண்டு கையையும் விட்டுவிட்டார். கீழே ஒரு அம்மாள் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலையில் ஜோடி ஜோடியாகச் செருப்பு மழை. முதலாளி குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே. மீசைக்காரர் நிதானமாக, "நீங்கதானே முதலாளி விடச் சொன்னீங்க" என்றார். சொன்னவருக்கு ஒரு அர்த்தம், கேட்டவருக்கு ஒரு அர்த்தம்.

சரி, அதை விடு. உங்கள் டீமுக்கு நான் என்ன சொல்ல. உனக்கும் எனக்கும் அமைந்தது போல எல்லோருக்கும் அமையுமா?

உன் அக்கா

*

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நல்ல செய்தி எழுதினால் ஆற அமரப் பதில் போடுகிறவள், கெட்ட செய்தி என்றதும் பறந்து வந்துவிட்டாயே. சும்மா சொன்னேன், கோபிக்காதே. மாடி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்.

ஏணிக் கதையை அறையில் சத்தமாகப் படித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். நெட்டை மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன். அப்போதும் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு குறைச்சல் போல.

இரண்டு உதவி வேண்டும். ஒன்று, நெட்டையின் பூட்ஸ் வாய் பிளந்துவிட்டது. கயிறு சுற்றிக்கொண்டு ஆடுகிறாள். பெண்களுக்கான கடைகளில் அவள் அளவு கிடைக்கவே இல்லை. பத்தாம் நம்பர். உன் கடையில் இருக்கிறதா பார்.

இரண்டாவதுதான் பெரியது. விசில் சார் நேற்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "இப்படியே போனா முதல் மேட்ச்ல ரெண்டு பேர்ல ஒருத்தியை உட்கார வைக்கப் போறேன். யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க." நெட்டை உடனே, "நான் உட்கார்ந்துக்கறேன் சார்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் இல்லாமல் மேட்டுக் கல்லூரியை நிறுத்தவே முடியாது. அக்கா, நீ அந்த இடத்தில் வருடக்கணக்காக ஆடியவள். நான் "விடு" என்றால் அவள் ஏன் உதைக்கிறாள்? அவளுக்கு நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? விசில் சாரும் உன்னைத்தான் கேட்கச் சொன்னார். "பெரியவ சொன்னா சரியா இருக்கும்" என்றார்.

சீக்கிரம் எழுது. காத்திருக்கிறோம், நாங்கள் இருவரும்.

உன் சின்னவள்

*

ஆகஸ்ட் 19

அன்புச் சின்னவளுக்கு,

கடையில் சரக்குக் கணக்கெடுப்பு, அதனால் எழுத முடியவில்லை. முட்டிக்கு ஒன்றும் இல்லை. முட்டிக்கு மேலே இருக்கிற ஆளைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் அதையும் நானே சொல்லிவிடுகிறேன், நலம்.

உன் கடிதத்தில் வரிக்கு ஒரு நெட்டை நிற்கிறாள். அக்கா என்பவள் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, தபால்காரருக்காக. சரி, கேட்டதற்குப் பதில்.

சிலருக்குக் காது கேட்கும், மனசு கேட்காது. பின்னால் நிற்கிறவளுக்கு விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும். அது பிறவியிலேயே வர வேண்டியது, சொல்லிக்கொடுத்து வராது. நெட்டையை முன்னால் நிறுத்துங்கள். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் உதைத்துக்கொள்ளட்டும். விசிலிடம் நான் சொன்னதாகவே சொல்.

பத்தாம் நம்பர் எங்கள் கடையில் இல்லை. படகு கட்டுகிற இடத்தில் விசாரிக்கச் சொல்.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 27

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான்தான் நெட்டை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவது உங்கள் தங்கைக்குத் தெரியாது.

எங்கள் பழைய டீமில் "விடு" என்றால், யோசிக்காமல் ஓங்கி ஒரு உதை விடு என்று அர்த்தம். கோல்கீப்பர் அப்படிக் கத்தினால் எப்படியாவது ஓடிப்போய் உதைத்தே ஆக வேண்டும். இங்கே வந்தும் அதையே செய்தேன். உங்கள் ஏணிக் கதையைக் கேட்ட பிறகுதான், உங்கள் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் இருக்குமோ என்று பட்டது. தொடாதே, எனக்கு விடு என்றா சொல்கிறாள்?

அவளிடமே கேட்கலாம். கேட்டால், அந்தக் கதையை எழுதிய உங்களுக்கு இது முன்பே தெரிந்திருக்குமே, ஏன் எழுதவில்லை என்று அவள் யோசிப்பாள். தூங்கும் முன் தினமும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறாள். நீங்கள் ஆடும்போது கண்ணை மூடிக்கொண்டு பாய்வாளாம். அதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். அதனால் அவளிடம் கேட்கவில்லை.

இப்போது என்னை முன்னால் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அங்கே ஆடத் தெரியாது. பின்னால் ஆளே இல்லை. சார் உங்கள் பேச்சைக் கேட்டு மாற்றினார். நீங்கள் சொன்னால்தான் திரும்ப மாற்றுவார்.

உங்கள் சட்டையை ஜாக்கிரதையாகத் துவைக்கிறேன். பட்டையைப் பிரித்தால் பழைய அளவு வந்துவிடும்.

இப்படிக்கு,
நெட்டை

*

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உடம்புக்கு ஏதாவதா? சித்தியாவது ஒரு வரி எழுதலாமே.

நீ சொன்னபடி நெட்டையை முன்னால் போட்டார்கள். நர்ஸுகளோடு இன்னொரு ஆட்டம். இந்தத் தடவை கொட்டாவி விடாமல் வந்தார்கள். நாலு வாங்கினேன். நெட்டை முன்னால் வெயிலுக்கு நட்ட கம்பம் மாதிரி நின்றாள். பிரின்சிபால் மாடி வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, மறுநாளே ஆள் விட்டு மைதானத்தின் ஓரத்தில் காருக்குக் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டார். ஆட்டமே இன்னும் ஆடவில்லை, அதற்குள் சுண்ணாம்பு.

உன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நீ இருந்திருந்தால் என்று மட்டும் தோன்றுகிறது.

சின்னவள்

*

செப்டம்பர் 7

நெட்டைக்கு,

வலி குறைந்துவிட்டது, கேட்டதற்கு நன்றி. உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. அது வரத் தாமதமானதால் இந்தப் பதிலும் தாமதம்.

நீ நினைத்தது சரி. "விடு" என்றால் தொடாதே. ஒதுங்கி நில். பந்து அவளுடையது.

எனக்கு இது ஜூலையிலேயே தெரியும். மீசைக்காரர் கையை விட்ட அன்றே உங்கள் கூத்தும் புரிந்துவிட்டது. சின்னவளுக்கு எழுத உட்கார்ந்தேன், கதையை எழுதினேன், அதற்கு மேல் பேனா ஓடவில்லை. ஓடவில்லை என்பது பொய், நான் ஓட்டவில்லை. நீ போட்டிருப்பது என் சட்டை, நிற்பது என் இடம், உன் அறையில் இருப்பவள் என் தங்கை. இதில் ஒன்றைக்கூட நீ திருடவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் எரிகிறது. திருடியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். மற்றவர்களுக்கு வயிறு எரியுமாம். எனக்கு முட்டி எரிந்தது.

அந்த வார்த்தை ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது. அதற்கும் உனக்கு அர்த்தம் சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கு என்ன என்று நினைத்தேன். என் வயிற்றெரிச்சலுக்காக ஒரு டீமே போவதற்கு இருந்தது. சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீ ஆட முடியலைன்னா யாரும் ஆடக்கூடாதாடி?" என்று மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். எழுந்து காகிதம் எடுத்தேன்.

இதோடு விசில் சாருக்கு ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது. நான் சொன்னது தப்பு, நெட்டையைப் பின்னால் நிறுத்துங்கள் என்று எழுதியிருக்கிறேன். பார்சலில் பத்தாம் நம்பர் பூட்ஸ். கடையில் இருந்தது. ஆண்கள் பக்கம், மேல் தட்டில். நான்தான் தினமும் தூசி தட்டுகிறேன். வலது கால் முதலில் கொஞ்சம் இறுக்கும். நனைத்த செய்தித்தாளைத் திணித்து வை, விட்டுக்கொடுக்கும்.

சின்னவளிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. பட்டையைப் பிரிக்க வேண்டாம்.

அவளுடைய அக்கா

*

செப்டம்பர் 17

என் அன்பு அக்காவுக்கு,

நலம், நலம், நலம். உனக்கும் முட்டிக்கும் சித்திக்கும் மிஷினுக்கும் ஆளுக்கொரு முத்தம்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். மேட்டுக் கல்லூரிக்கு ஒரு கோல்கூடக் கொடுக்கவில்லை. நாங்களும் அடிக்கவில்லை, அது வேறு கதை. பிரின்சிபால் இறங்கி வந்து, "ஜெயிக்கலையே" என்றார். விசில் சார், "தோக்கலையே சார்" என்றார். தோற்றால்தான் கலைப்பேன் என்று பிரின்சிபால் அன்றைக்குச் சொன்னதற்கு எல்லோரும் சாட்சி. அவர் தன் காரைப் பார்க்கப் போய்விட்டார். டீம் பிழைத்துவிட்டது.

எப்படி என்று கேள். உன் காகிதம் வந்ததும் விசில் நெட்டையைப் பின்னால் அனுப்பினார். அன்றைய பயிற்சியில் முதல் பந்து வருவதற்கு முன் அவளே என்னிடம் வந்து, "விடுன்னா எங்க ஊர்ல உதைன்னு அர்த்தம். உங்க வீட்ல என்ன?" என்றாள். இத்தனை நாள் நான் நிறுத்து என்று கத்தியதை அவள் ஓடு என்று கேட்டிருக்கிறாள். எப்படிடி தோணுச்சு என்றேன். "உங்க அக்கா ஏணிக் கதை எழுதினாங்கல்ல, அதுலேருந்துதான்" என்றாள். பார்த்தாயா, நீ தெரியாமல் எழுதிய கதை எங்களைக் காப்பாற்றிவிட்டது. நீ எங்கேயோ தேடிப் பிடித்து அனுப்பிய பூட்ஸைத் துடைத்துத் துடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாள்.

கடைசி நிமிஷத்தைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஒரு கார்னர். பந்து உயரமாக வருகிறது. நீ சொன்னபடி கோட்டைவிட்டு வெளியே வந்துவிட்டேன். வெயில் கண்ணில் அடித்தது, பந்து தெரியவில்லை. ஆனாலும் கையை நீட்டிக்கொண்டு குதிக்கப் போனேன். அப்போது பின்னாலிருந்து நெட்டை கத்தினாள், "விடு". என்னிடம், அக்கா. எனக்கே. நான் கையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினேன். அவள் எகிறித் தலையால் வெளியே தள்ளினாள். விசில் ஊதிவிட்டார்கள்.

அந்த ஒரு நொடி நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

உன் சின்னவள்

*

செப்டம்பர் 24

அன்புச் சின்னவளுக்கு,

நலம். உன் கடிதத்தைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன், மிஷின் நின்றது. கடையில் மீசைக்காரருக்கும் சொன்னேன். கோலே போடாமல் கொண்டாடிய டீம் உங்களுடையதாகத்தான் இருக்கும் என்றார். இன்று ஒருத்தி விளையாட்டு பூட்ஸ் கேட்டு வந்தாள். நானே போட்டுவிட்டேன்.

ஒன்றைத் திருத்த வேண்டும். ஏணிக் கதையை நான் தெரியாமல் எழுதவில்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன குழப்பம் என்று தெரிந்துதான் எழுதினேன். அதற்கு மேல் எழுதாமல் நிறுத்திக்கொண்டதும், நெட்டையை முன்னால் துரத்தியதும், பத்தாம் நம்பர் இல்லை என்றதும் தெரிந்துதான். பொறாமை. வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. நெட்டைக்கு இது தெரியும். உன்னிடம் அவள் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கோபமாக இரு.

உன் கடிதத்தில் ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவள் "விடு" என்றாள், நீ ஒதுங்கினாய். பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை நீ என்னிடம் சொல்லியிருக்கிறாய், அம்மா சொல்லியிருக்கிறாள். நான் உன்னிடம் ஒரு தடவையும் சொன்னதில்லை. சொன்னால் நீ விடமாட்டாய் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நேற்று வந்தவள் கேட்டாள், நீயும் விட்டுவிட்டாய். எனக்கு இவ்வளவிலும் அதிகம் எரிந்தது அதுதான். கேட்டுப் பார்த்திருக்கலாம் என்று தெரியாமல் இத்தனை வருடம் போய்விட்டது.

லீவுக்கு நானும் வீட்டுக்கு வருகிறேன். நெட்டையையும் கூட்டி வா. அவளுக்குக் கூடத்தில் பாய் விரிக்கலாம், கட்டிலில் படுத்தால் கால் வெளியே தொங்கும். நம் அறையில் ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு.

விடு.

உன் அக்கா